இரண்டாம் கேள்விக்குத் தவறான விடை

பிப்ரவரி 9

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அத்தையும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். எனக்குப் படியேறினால் மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு முழங்கால் வலியா என்று சிரிக்காதே. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள், அத்தனை மாடியும் நடந்துதான் ஏற வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? உன் தலைவலி விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர்வைசர் ஆக டிகிரி வேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால் தபால் வழிப் படிப்பில் சேர்ந்தேன் அல்லவா, கணக்கையும் வணிகத்தையும் எப்படியோ சமாளித்துவிட்டேன். இப்போது மொழிப்பாடம் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு புத்தகம் படித்துக் கட்டுரை எழுத வேண்டுமாம். என்ன புத்தகம் தெரியுமா? நீ கல்லூரியில் படித்தாயே, மழைக்காலம் முழுக்கக் காட்டாற்றங்கரைக் குடிசையில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் மட்டம் அளந்த எஞ்சினியரின் சொந்த அனுபவம், அதேதான். உன் பழைய பிரதியைப் பரண்மேலிருந்து எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

கேள்வி இரண்டு. முதலாவது, நூலாசிரியரின் தொனி எங்கெங்கே மாறுகிறது, சான்று தருக. இரண்டாவது, வெளியேற வாய்ப்பிருந்தும் அவர் ஏன் குடிசையை விட்டு வெளியேறவில்லை, அவருடைய குணத்தைக் கொண்டு விளக்குக. தொனியாம், குணமாம்! அத்தையிடம் சொன்னேன். "ஏண்ணா, காட்டுல போய் மாட்டிக்கிட்டவன் எப்படிப் பேசினா உனக்கென்ன? அதப் படிச்சா லிஃப்ட் மேல போயிடுமா?" என்கிறாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக் கொடுத்து அவளுக்கு எல்லோரிடமும் அதட்டல்தான்.

நீதான் எனக்கு வழி சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வேலைக்கு இன்டர்வியூ போவதாக எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று?

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா

பிப்ரவரி 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டே படித்தேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். தலைவலி போன இடம் தெரியவில்லை. முழங்காலுக்கு அத்தையிடம் எண்ணெய் போட்டு நீவச் சொல்லுங்கள், திட்டிக்கொண்டே நீவுவாள், திட்டுக்கே பாதி வலி ஓடிவிடும்.

முதலில் என் சமாச்சாரம். வேலை கிடைத்துவிட்டது அப்பா! இங்கே நின்றால் ஆறு தெரிகிறது, ஆற்றுக்கு மேல் பாலம், அதைத் தாண்டி ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் பள்ளிக்கூடம். பாலத்தின் ஓரமாக நடந்தே போனேன். தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "பாடம் நடத்தும்போது பசங்க சத்தம் போட்டா என்ன செய்வே?" என்று கேட்டார். "அவங்களைவிடச் சத்தமா கதை சொல்வேன் மேடம்" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். அடுத்த மாதம் வந்து சேரச் சொன்னார்கள். இவரிடம் சொன்னேன், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசிக்கட்டும். கீழே பெயின்ட் கடை, மேலே வீடு என்று இருப்பவருக்கு நான் பாலம் தாண்டிப் போவது புதிதாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் பாடம். தொனி என்றால் பயந்துவிடாதீர்கள், உங்களுக்கு அது கைவந்த வேலை. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் மூடிய கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பீர்களே, ஆள் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அதை வைத்தே இவர் கதவை உதைப்பார், இவர் மயங்கி விழுவார் என்று கண்டுபிடிப்பீர்கள். அந்தக் குரல்தான் தொனி, அதிலிருந்து தெரிகிற ஆள்தான் குணம். புத்தகத்தையும் அப்படியே படியுங்கள். அந்த எஞ்சினியர் உள்ளே இருக்கிறார், நீங்கள் வெளியே.

அத்தைக்கு என் அன்பு. அடுத்த கடிதத்தில் வகுப்பறைக் கதை எழுதுகிறேன்.

உங்கள்
ரேடியோ

மார்ச் 14

எங்கள் டீச்சரம்மாவுக்கு,

சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் உன் அத்தை தெருவில் போகிற பால்காரரை நிறுத்திச் சொன்னாள். அவர் பாவம், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீ சொன்ன மாதிரியே படிக்க ஆரம்பித்தேன். அடடா, ஆள் இப்போதுதான் பிடிபடுகிறார். தொடக்கத்தில் என்ன அலட்டல்! பெட்டி தூக்க வந்தவர்களைக் கிண்டல் பண்ணுகிறார், கொசுவோடு ஒப்பந்தம் போடுகிறார். தண்ணீர் ஏறி, பாதை முங்கி, மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் கிண்டல் இன்னும் கூடுகிறது. பயந்த மாதிரியே தெரியவில்லை. அடுப்புக்குப் பேர் வைக்கிறார், குடையோடு சண்டை போடுகிறார். தைரியசாலி என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் இரண்டு லிஃப்டும் மாடிகளுக்கு நடுவே நின்றுபோயின. ஒவ்வொன்றிலும் ஒருவர். ஒரு அம்மா, "யோவ், என்னய்யா மெஷின் வச்சிருக்கீங்க, எனக்கு வீட்ல உலை கொதிக்குது, தொறக்கப் போறியா இல்லையா?" என்று என் பரம்பரையையே இழுத்தார். அடுத்ததில் ஒரு பெரிய அதிகாரி. "ஒண்ணும் அவசரமில்ல தம்பி, நிதானமா பாருங்க, உள்ளே ஜம்முனு ஏ.சி. ரூம் மாதிரி இருக்கு" என்று ஜோக் அடித்தார். நான் அதிகாரியின் கதவுக்குத்தான் முதலில் ஓடினேன். திறந்தால் சட்டை தொப்பலாக நனைந்து, கால் உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டிய அம்மா கம்பீரமாக இறங்கி நடந்தே போனார். மாட்டிக்கொண்டவர் மரியாதையாகப் பேசினால்தான் எனக்குப் பயம் வரும்.

இதைக் கட்டுரையில் எழுதலாமா? லிஃப்டெல்லாம் போட்டால் வாத்தியார் கோபித்துக்கொள்வாரா? பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எப்படிப் போனது என்று விவரமாக எழுது.

அன்போடு
அப்பா

ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். அவரும் நலம், கடையில் வியாபாரம் சுறுசுறுப்பு.

பள்ளிக்கூடம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பாலத்தில் அத்தனை வண்டி, வெயில் வேறு. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது. மொட்டைமாடிக்கும் போவதில்லை, மேலே தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள் என்று பூட்டுப் போட்டிருக்கிறது. பால்கனி இருக்கவே இருக்கிறது. எதிரே தையல்காரர் ஒருவர். துணியைவிட அதிகமாகப் பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சைத் தைக்கிறார். ஒரு கறுப்பு நாய் தினமும் அவர் வாசலில் படுத்து, அவர் விரட்டினால் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு அதே இடத்தில் படுக்கும். நான் அந்த நாயின் கட்சி.

தபால் போட நான் இறங்கிவர வேண்டியதில்லை, அவரே போட்டுவிடுகிறார். "மூணு மாடி எதுக்கு எறங்கி ஏறணும், எங்கிட்ட குடு" என்கிறார். எனக்கும் சௌகரியம்தான்.

உங்கள் லிஃப்ட் கதையைத் தாராளமாக எழுதுங்கள், எந்த வாத்தியாருக்கும் பிடிக்கும். முதல் கேள்விக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் அப்பா. அந்த எஞ்சினியர் எப்படிப் பேசுகிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். எதைப் பார்க்கிறார் என்றும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆரம்பத்தில் எதிர்க்கரை மலை வரைக்கும் பார்க்கிறார். பிறகு ஆறு, பிறகு வாசல் மண், பிறகு அடுப்பும் குடையும். அந்த ஆளுக்கு வெளியே போக முடியவில்லை என்று அவர் சொல்லவே மாட்டார். அவர் கண் எட்டுகிற தூரம் சொல்லிவிடும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்பு
ரேடியோ

மே 6

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன், நாய்க்கட்சி என்ற இடத்தில் அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் உன் வீடு, உன் முடிவு. கண் எட்டுகிற தூரம் என்று நீ சொன்னாயே, அது அபாரம்! அப்படியே எழுதிவிட்டேன். அத்தியாயம் அத்தியாயமாகப் பக்க எண்ணும் போட்டாயிற்று.

உன்னோடு பேசலாம் என்று மாப்பிள்ளை கடைக்குப் போன் பண்ணினேன். "அவ தூங்குறா மாமா" என்றார். காலை பத்து மணி! விடியும் முன்னே எழுந்து எங்களையும் எழுப்பிவிடுகிற பிள்ளையாயிற்றே என்று அத்தையிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீயெல்லாம் ஒரு அப்பனா? வேலைய விட்டாச்சு, மாடி ஏறி எறங்குறதில்ல, பகல்ல தூங்குறா. இதுக்கு மேல புரிய வைக்கணுமா?" என்றாள். அன்றைக்கே கடைக்குப் போய் மஞ்சள் நூல்கண்டு வாங்கி வந்து சின்னத் தொப்பி பின்ன ஆரம்பித்துவிட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் தரையில் கால் பாவவில்லை. உண்மைதானா? உன் வாயால் சொல்.

அத்தோடு இரண்டாம் கேள்வி. படகு கட்டிக்கிடக்கிறது, தண்ணீரும் ஒருமுறை வடிகிறது, ஆனாலும் அவர் ஏன் கிளம்பவில்லை? என்னால் முடியவில்லையம்மா. நானாக இருந்தால் முதல் நாளே ஓடியிருப்பேன். நீ சொல்வதை எழுதி அனுப்பிவிடுகிறேன்.

ஆசையோடு
அப்பா

மே 29

அன்புள்ள அப்பாவுக்கும் அத்தைக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன்.

நீங்கள் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை. அத்தையிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அந்தத் தொப்பியை உங்கள் டீ கெட்டிலுக்குப் போடச் சொல்லுங்கள், சூடு ஆறாமல் இருக்கும்.

பால்கனிக் கதவு மழையில் ஊறி உப்பிவிட்டது என்று அவர் ஆணி அடித்திருக்கிறார். அதனால் தையல்காரர் கதை இனி கிடையாது. கவலைப்படாதீர்கள், எனக்குத் துணைக்கு ஆள் உண்டு. சமையலறையில் ஒரு பல்லி குடியிருக்கிறது. தாசில்தார் என்று பேர் வைத்திருக்கிறேன். எப்போதும் உத்தரத்தில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார். குழாய் சொட்டுகிறது. சொட்டும்போது ஒரு பாட்டு மாதிரி இருக்கிறது, நான் அடுத்த அடியைப் பாடுகிறேன். நேரம் போவதே தெரியவில்லை.

இரண்டாம் கேள்விக்கு விடை கேட்டிருந்தீர்கள். நிறைய யோசித்தேன். எஞ்சினியருடைய குணத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டியதில்லை அப்பா. பிடிவாதம், கடமை, தண்ணீர் அளக்கும் ஆசை என்றெல்லாம் மற்ற மாணவர்கள் எழுதுவார்கள். நீங்கள் இப்படி எழுதுங்கள்: அவர் கிளம்பத்தான் நினைத்தார். குடிசைக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. அதனால் வெளியேறவில்லை.

இதை அப்படியே எழுதுங்கள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். எழுதி அனுப்பிவிட்டுப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 19

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருக்கிறோம், சுகம்தான். ஆனால் எனக்குக் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டுரை திருத்தி வந்தது. முதல் கேள்விக்கு வாத்தியார் "மிக நன்று" என்று போட்டு, லிஃப்ட் அதிகாரி கதைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு டிக் போட்டிருக்கிறார். அத்தை அதை எல்லோருக்கும் காட்டினாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் இரண்டாம் கேள்விக்கு முட்டை! சும்மா முட்டை கூட இல்லை, சிவப்பு மையில் ஒரு கேள்வி: "தனியாக வாழ்ந்தவரின் கதவை வெளியிலிருந்து யார் தாழிட முடியும்? நூலில் அப்படி எங்கும் இல்லை."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பேய் வந்து பூட்டுச்சா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து புத்தகத்தை முழுக்கப் புரட்டினேன். குடிசைக்குக் கதவே கிடையாதாம், ஒரு சாக்குப் படுதாதான் தொங்கியிருக்கிறது, எஞ்சினியரே விவரமாக எழுதியிருக்கிறார். அந்த வரிக்குக் கீழே நீ போட்ட பென்சில் கோடு இருக்கிறது! உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே ஏன் எனக்குத் தப்பாகச் சொன்னாய்? விளையாட்டா? அப்பாவை ஆழம் பார்த்தாயா? உன்னை நம்பித்தானே ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன்.

மறு வாய்ப்பு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று உடனே எழுது.

அப்பா

ஜூலை 2

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் வணக்கம். தாங்களும் அத்தையும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் வந்தது. தங்கள் மகளுக்குச் சில நாட்களாகக் கண் வலி. எதையும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனவே அவளுக்கு வருகிற கடிதங்களை நானே படித்து, வேண்டியதை மட்டும் சொல்கிறேன். புத்தகம், கதவு, தாழ்ப்பாள் என்று எழுதி அவள் மனத்தைக் குழப்ப வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குக் கொஞ்ச காலமாகக் கற்பனை அதிகம். ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும். இப்போதைக்கு நேரில் வந்து சிரமப்பட வேண்டாம்.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை

ஜூலை 9

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இருவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தங்கள் கடிதம் கிடைத்ததில் மிகவும் மகிழ்ச்சி. தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. இந்த வயதில் எனக்குப் படிப்பு எதற்கு? தேவையில்லாமல் அவளைத் தொந்தரவு செய்துவிட்டேன். தாங்கள் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்வது எங்கள் பாக்கியம். ஒன்றும் அவசரமில்லை, நிதானமாகக் குணமாகட்டும். நாங்கள் வருவதாக இல்லை.

அவளிடம் ஒன்றே ஒன்று மட்டும் படித்துக் காட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: அப்பாவுக்கு இப்போது கோபம் இல்லை. இரண்டாம் கேள்வியை மறுபடியும் படித்தேன், விளங்கிவிட்டது.

என்றும் பணிவுள்ள
மாமா

ஜூலை 21

அப்பாவுக்கு,

நலம். நலமறிய விருப்பம். கண் தேவலை. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத வேறு விசேஷம் இல்லை. படித்துக் காட்டினார். வர வேண்டாம்.

மகள்

ஆகஸ்ட் 3

அன்பு மகளுக்கு,

இது உனக்கு எழுதும் கடிதம், உறை மேல் உன் பெயர்தான் இருக்கிறது. தபாலில் போடவில்லை. உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்து அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். "மாப்பிள்ளை, இத அவகிட்ட குடுத்துடுங்க, நான் இப்படியே பஸ் பிடிக்கணும்" என்று சொல்வேன். சொல்லிவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் அங்கேயே நிற்பேன்.

ஆகவே மாப்பிள்ளை, வணக்கம். உறையைப் பிரித்துவிட்டீர்கள். எதிர்பார்த்ததுதான்.

அடுத்தவர் எழுத்தை வைத்து அவர் குணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் எழுத்து ஒரே ஒரு பக்கம்தான் வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. மகளுக்கு எழுதிய கடிதத்துக்கு மாப்பிள்ளையிடமிருந்து பதில் வருகிறது. அதில் கதவு என்ற வார்த்தை உங்களை என்னமோ செய்திருக்கிறது. புத்தகப் பேச்சு என்று நீங்கள் இத்தனை நாள் படித்துத் தள்ளிவிட்டதில், என் மகள் எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், எனக்கு ஒரு வாத்தியார் இருந்தார். யார் தாழிட முடியும் என்று கேட்டார். அதை அப்படியே எழுதி உங்கள் கைக்கே அனுப்பிவைத்தேன், புத்தி கெட்டவன். அதற்காக அவள் என்ன பட்டாளோ!

உங்கள் கடிதம் வந்த அன்று அவளுடைய கடிதங்களையெல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பினோம். முதல் கடிதத்தில் ஆற்றுக்கு அப்பால் தொட்டி வரைக்கும் பார்த்தாள். அடுத்ததில் எதிர்க்கடை. அடுத்ததில் உத்தரத்துப் பல்லி. அதற்கப்புறம் வந்ததில் வெறும் நாற்காலி. அன்று அத்தை அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "அய்யோ அண்ணா, நான் தொப்பி பின்னிக்கிட்டு உக்காந்திருந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் நான் உங்களுக்கு அவ்வளவு மரியாதையாக எழுதினேன். எனக்கு ஒருவர் மேல் மரியாதை இருந்தால் அப்படி எழுத வராது.

நேற்றே இந்த ஊருக்கு வந்துவிட்டோம். மகளிர் காவல் நிலையத்தில் ஒரு அதிகாரி, என் வயதில் ஒரு அம்மா, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "புருஷன் பக்கத்துல நின்னா எந்தப் பொண்ணும் வாய் தொறக்காது சார். அவர் இல்லாம அந்தப் பொண்ணு வாயால நான் கேக்கணும். கொஞ்ச நேரம் அவரக் கீழயே நிறுத்தி வைக்க முடியுமா?" என்றார். எதைக் கொடுத்தால் நீங்கள் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டீர்கள் என்று எனக்குத்தான் தெரியுமே. அவள் பெயருக்கு ஒரு நீளமான கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு சரி என்றார்.

இந்த வரியை நீங்கள் படிக்கும்போது பக்கத்துச் சந்துப் படிக்கட்டு வழியாக அந்த அம்மாவும், ஒரு கான்ஸ்டபிளும், அத்தையும் மூன்றாம் மாடிக்குப் போயிருப்பார்கள். பூட்டை அறுக்க என் கம்பெனி ஆள் ஒருவர் கூட வந்திருக்கிறார். கடை வாசலில் என்னோடு நிற்கிற இன்னொரு கான்ஸ்டபிளை நீங்கள் வாடிக்கையாளர் என்று நினைத்திருப்பீர்கள்.

அவளிடம் ஒரே கேள்விதான் கேட்கப் போகிறார்கள், வருகிறாயா என்று. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. இத்தனை மாதம் நலம் நலம் என்று எழுதிய வாய், பயத்தில் நலம் என்றே சொல்லிவிடலாம். சொன்னால் நான் இங்கேயே, உங்கள் கடைக்கு எதிரே, அந்தத் தையல்காரர் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து உட்காருவேன். எனக்கு லீவு நிறைய இருக்கிறது.

அப்பா

ஆகஸ்ட் 16

பெயின்ட் கடை உரிமையாளருக்கு,

உங்கள் சுகத்தை விசாரித்து எழுத வேண்டும் என்பது வழக்கம். இந்தக் கடிதத்தில் அது இல்லை.

அன்றைக்கு அந்தப் போலீஸ் அம்மா கதவைத் திறந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "கீழ உன் அப்பா இருக்காரு, உன் புருஷனும் இருக்காரு. நீ யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம், எங்கிட்ட மட்டும் சொல்லு. வர்றியா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போயிருந்தது. அதனால் பேசவில்லை. செருப்பைத் தேடினேன். நீங்கள் அதை ஒளித்துவைத்திருந்தீர்கள். அத்தை தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டாள். போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நான் கடையைத் தாண்டிப் போனபோது நீங்கள் கல்லாவுக்குப் பின்னால் தலை குனிந்து அப்பாவின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். கடைசிப் பக்கம் கையில் இருந்தது. நான் போனதை நீங்கள் பார்க்கவில்லை.

வழக்கு சம்பந்தமாக இனி வக்கீல் எழுதுவார். நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக. அப்பா அதில் என்ன எழுதினார் என்று கேட்டால், "அதான் வந்துட்டியே, விடும்மா" என்கிறார். அத்தைக்கும் தெரியவில்லை. அந்த உறை மேல் என் பெயர் இருந்தது. நான் இன்னும் அதைப் படிக்கவில்லை.

அதை அனுப்பி வையுங்கள். அது என் கடிதம்.